அத்தியாயம் 6: மருந்து வண்டியருகே ஒரு மணி நேரம்

செவிலியருக்குத் தொடர்கல்வி என்றால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கும் அவசரம், திரையில் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து வரி, நடுவில் டீயும் வடையும், கடைசியில் சான்றிதழும் குரூப் போட்டோவும். அந்த ஐந்து வரியை முதலாமாண்டு மாணவிகூடத் தூக்கத்தில் சொல்வார். தவறு நடந்த வார்டின் சுவரிலும் அதே ஐந்து வரி ஒட்டியிருக்கும்.

அதனால் இந்த அத்தியாயத்தை ஹாலில் வைத்து நடத்த முடியாது. மருந்து கொடுக்கும் கை தடுமாறுவது ஆம்ப்யூலையும் சிரிஞ்சையும் கேஸ் ஷீட்டையும் ஒன்றாகப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில். பாடமும் அந்த இடத்தில்தான் நடக்க வேண்டும்: வார்டில், மருந்து வண்டியைச் சுற்றி நின்று, நாம் தினமும் தொடும் பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு.

திருவண்ணாமலையில் வேலை பார்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். 2013-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றி வளர்ந்துவிட்ட குடியிருப்புகளின் நடுவே இருக்கும் சிறு கிளினிக்குகள், ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் வரை உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று மூன்று வகை இடங்களிலும் செவிலியர் இருக்கிறார்கள். மூன்றிலும் மருந்து ஒன்றுதான். தவறு நுழையும் வாசல்தான் வேறு வேறு.

மணிக்கணக்கை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர்கல்வி என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. ஆண்டுக்கு 30 மணி நேரம். அதில் மாதம் ஒரு மணி நேரத்தை மருந்துக்கென்று ஒதுக்கினாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டுதான் ஆகிறது. செவிலியரின் அன்றாட வேலையில் மருந்து கொடுப்பது எவ்வளவு பெரிய பங்கு என்று பார்த்தால் இது அதிகமே இல்லை.

பெயரில் தொடங்குங்கள்

அண்ணாமலை, அருணாசலம், அருணா, உண்ணாமலை. இந்த ஊரில் ஒரே வார்டில் இரண்டு அண்ணாமலைகள் படுத்திருப்பது அதிசயமே அல்ல. அதிலும் இரண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல் வயது, இரண்டு பேருக்கும் சர்க்கரை என்றால் கட்டில் எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. காற்று வரவில்லை என்று சொல்லி ஜன்னலோரக் கட்டிலுக்கு மாறிப் படுத்துக்கொள்ளும் தாத்தாக்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

“நீங்க அண்ணாமலைதானே?” என்று கேட்டால் காது மந்தமானவரும் “ஆமாம்மா” என்பார், அரைத்தூக்கத்தில் இருப்பவரும் “ஆமாம்மா” என்பார். “உங்க பேரு சொல்லுங்க ஐயா, அப்பா பேரு என்ன?” என்று கேட்டால் பதில் அவர் வாயிலிருந்து வந்தாக வேண்டும். அதைக் கேஸ் ஷீட்டில் உள்ள பெயரோடும் உள்நோயாளி எண்ணோடும் ஒப்பிடுங்கள். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களில் ஆந்திரா, தெலங்கானாக்காரர்கள் நிறைய. “மீ பேரு ஏமிட்டி?” என்ற ஒரு வாக்கியத்தைக் கேஷுவால்டியில் இருக்கும் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்வதும் என் கணக்கில் தொடர்கல்விதான். வெளிநாட்டுப் பயணிகளும் இங்கே அதிகம். அமெரிக்கர் ஒருவர் அசிட்டமினோஃபென் சாப்பிட்டேன் என்றால் அது நம் பாராசிட்டமால். எபிநெஃப்ரின் என்றால் அட்ரினலின். அல்புடெரால் என்றால் சால்புடமால். இந்த மூன்றும் தெரியாமல் அதே மருந்தை மறுபடி கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது.

சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

முதல் மாத வகுப்புக்கு இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன். நம் நாட்டில் பெரிதாக இருக்கும் ஒரு சிக்கல் இதில் உண்டு.

நாம் வார்டில் பயன்படுத்தும் இன்சுலின் வயல் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, ஒரு மில்லிலிட்டரில் 40 கோடு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு, அதே ஒரு மில்லிலிட்டரில் 100 கோடு. இரண்டு சிரிஞ்சும் ஒரே டிரேயில் கிடந்தால் இரவு இரண்டு மணிக்கு நிறம் யாருக்கும் உறைக்காது.

நோயாளி வீட்டிலிருந்து பேனா கொண்டுவந்திருக்கிறார், ஊசி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மில்லிலிட்டர். அதில் இருப்பது 50 யூனிட். எழுதியது 20, போனது இரண்டரை மடங்கு. விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிக் கிடப்பார். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் இழுப்பதே கூடாது என்பதை வார்டு விதியாகவே எழுதி வையுங்கள். ஊசி இல்லையென்றால் டாக்டரைக் கூப்பிட்டு வயலுக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

தவறு எதிர்ப்பக்கமாக நடந்தால் உடனே தெரியாது. அதனால்தான் அது இன்னும் மோசம். 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 8 யூனிட். சர்க்கரை இறங்கவில்லை. ரவுண்ட்ஸில் டாக்டர் அளவைக் கூட்டுகிறார். அதே சிரிஞ்சில் 40 கோடு வரை வந்ததும் சர்க்கரை கட்டுக்குள் வருகிறது. உண்மையில் போனது 16 யூனிட்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் 40 யூனிட் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புகிறோம். வீட்டில் மகள் மருந்துக்கடையில் சரியான சிவப்பு மூடி சிரிஞ்சை வாங்கி, சீட்டில் உள்ளபடி 40 போடுகிறார். நம் வார்டில் செய்த தவறு ஏதோ ஒரு கிராமத்து வீட்டில் போய் வெடிக்கிறது. அந்த மகள்மீது எந்தக் குற்றமும் இல்லை.

வகுப்பை இப்படி நடத்துங்கள். காலியான வயல் ஒன்றிலும் கார்ட்ரிட்ஜ் ஒன்றிலும் வண்ணத் தண்ணீர் நிரப்பி, இரண்டு வகை சிரிஞ்சுகளையும் கலந்து டிரேயில் போடுங்கள். ‘18 யூனிட் எடுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம். யார் மூடியைப் பார்க்கிறார், யார் வயலின் சீட்டைப் படிக்கிறார், யார் நேராகக் கோட்டை மட்டும் பார்க்கிறார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சீனியர்களையும் விடாதீர்கள்.

தனியாக வைக்க வேண்டியவை

பொட்டாசியம் குளோரைடு 15 சதவீத ஆம்ப்யூல், 10 மில்லிலிட்டர், அதில் 20 மில்லி ஈக்விவலென்ட். நீர்க்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 1998-ல் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை மடல்களை வெளியிடத் தொடங்கியபோது முதல் மடலே இந்த மருந்தைப் பற்றித்தான். அடர் கரைசலை வார்டுகளின் பொது இருப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்றார்கள். நம் வார்டுகளில் அது எப்போதும் முடியாது. ஆனால் தண்ணீர் ஆம்ப்யூலோடு ஒரே பெட்டியில் போடாமல் இருக்க முடியும். மூடியுள்ள தனி டப்பா, மேலே சிவப்பு எழுத்து, எடுப்பதற்கு இரண்டு பேர். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் கலக்கவும் கூடாது. கனமான கரைசல் அடியில் தங்கி, முதலில் அதுவே கீழே இறங்கும். பாட்டிலைக் கழற்றி, கலந்து, பலமுறை தலைகீழாகப் புரட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

ஹெப்பாரின் 5 மில்லிலிட்டர் வயலில் இரண்டு வலிமை வருகிறது. ஒன்றில் மொத்தம் 5,000 யூனிட், மற்றதில் 25,000. வயலின் அளவு ஒன்று, உள்ளே இருப்பது ஐந்து மடங்கு. இரண்டையும் அருகருகே வைத்து எல்லோரையும் படிக்கச் சொன்னாலே போதும், பாதி வகுப்பு முடிந்தது.

பிரசவ அறைச் செவிலியருக்கு மெக்னீசியம் சல்பேட். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு முதல் டோஸாக இடுப்பின் இரு பக்கத்திலும் ஐந்தைந்து கிராம், ஆழமாகத் தசையில் போட்டு, 108-இல் ஏற்றி அனுப்ப வேண்டும். 50 சதவீத ஆம்ப்யூல் 2 மில்லிலிட்டரில் ஒரு கிராம். ஆக உடைக்க வேண்டியது பத்து ஆம்ப்யூல். ஒரு பக்கம் தாய்க்கு வலிப்பு, வெளியே மாமியார் அழுகிறார், நீங்கள் பத்து ஆம்ப்யூலை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எண்ணிக்கை தவறாமல் இருக்க ஒரே வழி, உடைத்த ஆம்ப்யூல்களை உடனே குப்பையில் போடாமல் கிட்னி டிரேயில் வரிசையாக வைத்து, ஊசி போடும் முன் இன்னொருவர் அவற்றை எண்ணுவது. நரம்பில் போடும் 4 கிராம் டோஸுக்கு 8 மில்லிலிட்டர் மருந்தோடு 12 மில்லிலிட்டர் வாலை நீர் கலந்து 20 ஆக்கி, மெதுவாக ஏற்ற வேண்டும். இந்தக் கணக்கைப் பிரசவ அறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அடுத்த டோஸுக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. முழங்காலைத் தட்டினால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, நாலு மணி நேரத்தில் 100 மில்லிலிட்டராவது சிறுநீர் போயிருக்கிறதா. ஒன்று இல்லாவிட்டாலும் மருந்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 மில்லிலிட்டர் ஆம்ப்யூல், அதே டிரேயில் இருக்க வேண்டும். ஸ்டோரில் இருக்கிறது என்ற பதில் இங்கே செல்லாது.

பாம்புக்கடி இரவு

இந்த மாவட்டத்தில் நெல் வயலும் கரும்புக் காடும் உண்டு, மலையும் உண்டு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்து செய்வதற்கான விஷத்தைப் பல்லாண்டுகளாக எடுத்துக் கொடுப்பது வடநெம்மேலியில் உள்ள இருளர்களின் கூட்டுறவுச் சங்கம், 1978-ல் தொடங்கியது. ஜவ்வாது மலையில் வேலை பார்க்கும் செவிலியர் இதை நோயாளியிடம் சொல்லிப் பாருங்கள். மந்திரிப்பவரைத் தேடிப் போகலாமா என்று தயங்கும் குடும்பத்துக்கு ஒரு நம்பிக்கை வரும்.

மருந்து தூளாக வருகிறது. ஒரு வயலுக்கு 10 மில்லிலிட்டர் வாலை நீர். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். முதல் தவணை பொதுவாகப் பத்து வயல் வரை, சலைனில் கலந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டும். பத்து வயலையும் கரைக்க நேரம் பிடிக்கும், ஆகவே இரண்டு பேர் உட்காருங்கள். குழந்தைக்கும் பெரியவருக்கு உள்ள அதே அளவுதான். பாம்பு எடை பார்த்து விஷம் இறக்குவதில்லை. எல்லா மருந்தையும் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பழகிய கை இந்த இடத்தில் குறைத்துவிடத் துடிக்கும். டெஸ்ட் டோஸ் தேவையில்லை.

மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே, பெரியவர் என்றால் அட்ரினலின் 0.5 மில்லிலிட்டரைச் சிரிஞ்சில் எடுத்து, பெயரும் அளவும் எழுதிய பிளாஸ்டரை அதன்மேல் ஒட்டிப் படுக்கையருகே வையுங்கள். அரிப்போ தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் டிரிப்பை நிறுத்திவிட்டுத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். ஆம்ப்யூலில் இருப்பது ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம். அதை அப்படியே நரம்பில் ஏற்றிவிடக் கூடாது. அட்ரினலின், அட்ரோபின், டெக்ஸாமெத்தசோன் என்று சின்ன ஆம்ப்யூல்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆம்ப்யூலை எடுக்கும்போது ஒரு முறை, உடைக்கும்போது ஒரு முறை, சிரிஞ்சை வைக்கும்போது ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

எழுத்தும் போனும்

2016-ல் மருத்துவர்களின் நடத்தை விதிகளைத் திருத்தி, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்றார்கள். கேஸ் ஷீட்டைப் பார்த்தால் அப்படி ஒரு விதி இருப்பதாகத் தெரியாது. யூனிட்டுக்குச் சுருக்கமாகப் போடும் ஆங்கில எழுத்து சுழியம் மாதிரி தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். 1.0 என்று எழுதியதில் புள்ளி மங்கினால் 10. அரையை எழுதும்போது புள்ளிக்கு முன் சுழியம் விட்டுப்போனால் 5. சார்ட்டை நீங்கள் நகலெடுக்கும்போதாவது யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். புரியவில்லை என்றால் கேட்பது செவிலியரின் கடமை. டாக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

போனில் வரும் ஆர்டர் இன்னும் வழுக்கும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இரைச்சலில் ஒன்றுதான்.

“சார், ஒன்னு அஞ்சா, அஞ்சு சைபரா?”

“ஒன்னு அஞ்சு சிஸ்டர், பதினஞ்சு.”

“பதினஞ்சு மில்லிகிராம், ஐ.வி., இப்பவே. எழுதிட்டேன் சார். ரவுண்ட்ஸ் வந்ததும் கையெழுத்து போட்டுடுங்க.”

இந்த மூன்று வரியை ஒத்திகை பாருங்கள். ஒருவர் டாக்டராக, ஒருவர் சிஸ்டராக, பக்கத்தில் இன்னொருவர் வேண்டுமென்றே “சிஸ்டர், டிரிப் முடிஞ்சிடுச்சு” என்று கத்தியபடி. கார்த்திகை தீபத்துக்குக் கிரிவலப் பாதையில் போடும் மருத்துவ முகாமில் இரைச்சல் இதைவிடப் பல மடங்கு. பழகாத டிரே, பழகாத டாக்டர், பக்கத்தில் வேறு மையத்திலிருந்து வந்த செவிலியர். விரதத்தோடு நடந்து மயங்கி விழுகிறவர்களில் சர்க்கரைக்காரர்களும் இருப்பார்கள். டிரிப் மாட்டுவதற்கு முன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். முகாமுக்குப் போனதும் முதல் பத்து நிமிடம் டிரேயை நீங்களே காலி செய்து, மறுபடி உங்கள் கையால் அடுக்குங்கள்.

டிரிப் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 500 மில்லிலிட்டரை 8 மணி நேரத்தில் ஏற்ற, மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 21. 60 சொட்டு மைக்ரோ செட்டில் 62 அல்லது 63. செட்டின் உறையில் எண் அச்சிட்டிருக்கும். உறையைக் கிழித்துப் போடுவதற்கு முன் பாருங்கள்.

குழந்தைகள் வார்டில் பாராசிட்டமால். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்றால் 125 சிரப்பில் 6 மில்லிலிட்டர், 250 சிரப்பில் 3, மில்லிலிட்டருக்கு 100 உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை. “ஆறு மில்லி குடுங்கம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டில் சொட்டு மருந்து இருக்கும் தாய் 600 கொடுத்துவிடுவார். பாட்டிலை அவர் கையில் கொடுத்து, அவரையே ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

தவறு நடந்தால்

2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஸ்கேனுக்குக் கொண்டுபோன மூதாட்டிக்குப் பதற்றம் தணிய மிடசோலம் எழுதியிருந்தார்கள். செவிலியர் மருந்து அலமாரி இயந்திரத்தில் அதன் வணிகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். வந்தது வெக்குரோனியம், தசைகளை முடக்கும் மருந்து. மிடசோலம் திரவமாக வரும். இது தூள், கரைக்க வேண்டும். மூடியிலேயே எச்சரிக்கை உண்டு. கரைத்தார், கொடுத்தார், நோயாளி இறந்தார். தவறு தெரிந்ததும் செவிலியர் அதை மறைக்கவில்லை. 2022-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை கொடுத்தது.

உலகெங்கும் செவிலியர் கொதித்துப்போன வழக்கு இது. என் கருத்தும் அவர்கள் பக்கம்தான். தனி மனிதரை நீதிமன்றத்துக்கு இழுத்தால் அடுத்தவர் தவறை மறைக்கக் கற்றுக்கொள்வார். ஆனால் வகுப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தூளை. ‘இதை நான் கரைத்ததே இல்லையே’ என்று கை சந்தேகப்படும் கணத்தில் நிற்கப் பழக வேண்டும். நிறம் வேறு, அளவு வழக்கத்துக்கு அதிகம், ஒரு டோஸுக்கு மூன்று ஆம்ப்யூல் உடைக்க வேண்டியிருக்கிறது, எதுவானாலும் சரி, நின்று இன்னொருவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டவரிடம் விடையைச் சொல்லாதீர்கள். “இது 15 யூனிட்தானே, பாருங்க” என்றால் அவரும் 15 என்பார். “இதுல எவ்வளவு இருக்கு?” என்று கேளுங்கள்.

ஒவ்வொரு வார்டிலும் ஒரு நோட்டு வையுங்கள். பெயர் வேண்டாம், தேதியும் ஷிஃப்டும் நடந்ததும் போதும். கடைசி நொடியில் தப்பியவற்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாத வகுப்புக்கான பாடம் அதிலிருந்துதான் வர வேண்டும். அந்த நோட்டு மெமோ கொடுக்கப் பயன்படும் நாளில் அதில் எழுதுவது நின்றுவிடும் என்பதைக் கண்காணிப்பாளர்கள் மறக்கக் கூடாது. மருந்தால் வந்த பக்கவிளைவு என்றால் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குச் செவிலியரே நேரடியாகத் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. டாக்டரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கண்காணிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஒரு மணி நேரத்தை நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குப் போகிறவர்களை நிறுத்தி வைத்து நடத்தாதீர்கள். விடுப்பு நாளில் வரச் சொல்லாதீர்கள். ஒப்பந்தச் செவிலியரையும் ஜமுனாமரத்தூர் போன்ற தூரத்து மையங்களில் இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களை இங்கே வரவழைப்பதைவிட நீங்கள் ஒரு டிரேயோடு அங்கே போவது எளிது. வேலை நேரத்துக்குள், வார்டுக்குள், ஆறு ஆறு பேராகப் பிரித்து நடத்துங்கள். அடுத்த மாதத்து டியூட்டி பட்டியல் போடும்போதே அதையும் எழுதிவிடுங்கள்.